மாமா ரூமுக்குப் புது ஃபில்டர்

போன ஞாயிறு காலை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மாரிகுப்பத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன். கால் வைக்கும் இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி. இரண்டு முழங்காலாலும் அதை இடுக்கிப் பிடித்திருந்தேன். டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், 'கேக்கா சார்?' என்றார்.

'காத்து' என்றேன்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கிறவர்கள் ஊரில் குறைவு.

பெட்டிக்குள் இருந்தது ஏர் ப்யூரிஃபையருக்கான புது ஃபில்டர். என் அக்கா ஸ்டெல்லா வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் ஜெயராஜ் – எனக்கு மாமா – படுத்திருக்கும் ரூமில். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் வாங்கி வைத்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய மாரிகுப்பம் லைன் வீடுகளைக் கூரியர்காரர்கள் கண்டுபிடிப்பதில்லை. அதனால் பார்சல் ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டுக்கு வரும். நான் சுமந்துகொண்டு போவேன். குடும்பத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஒரே பொறுப்பு அது.

மாமா கோலார் தங்கச் சுரங்கத்தில் டிரில் அடித்தவர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமாவின் நெஞ்சுக்குள் மட்டும் இன்னும் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நுரையீரல் முழுக்கக் கல்தூசி. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். போன மாதம் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி இறங்கி, கோலாருக்குக் கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் மூன்று பேரிடமும் ஒளிக்காமல் சொன்னார்.

'இந்த ஆடிக் காற்றைத் தாண்டட்டும். நடுவில் இன்னொரு தடவை சளி பிடித்தால் என் கையில் ஒன்றும் இல்லை.'

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் மலையே பறக்கும்.

மிகையில்லை. பாறையை வெட்டி மேலே ஏற்றினார்கள். மாவாக அரைத்தார்கள். சயனைடில் கரைத்துத் தங்கத்தை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது மலையாகி நிற்கிறது. அந்த மலை ஆடி பிறந்ததும் எழுந்து, தெருத்தெருவாக நடந்து, ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். சோற்றில் இருக்கும். தலையணையில் இருக்கும். மாமா கீழே துளை போட்ட பாறைதான் – இப்போது மாவாகி, அவர் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வருகிறது.

அதற்காகத்தான் மெஷின். அதற்காகத்தான் என் முழங்கால்களுக்கு நடுவே பெட்டி.

போவதற்கு முன் இன்னொன்று. 'ஏன் சார் இப்படித் துண்டு துண்டாக எழுதுகிறீர்கள், நீளமான வாக்கியம் வராதா?' என்று கேட்டு அவ்வப்போது கடிதம் வரும். வரும் சார். ஒரு காலத்தில் ஒரு பாரா நீளத்துக்கு வாக்கியம் எழுதியவன்தான். அக்காவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. ஆள் மங்கலாகத் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் வாராவாரம் பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை மாமாதான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறார். ஒரு மூச்சில் அவரால் எவ்வளவு வாசிக்க முடியுமோ, அவ்வளவுதான் என் வாக்கியம். வருஷத்துக்கு வருஷம் என் நடை இறுகி வருவதாக ஒரு விமர்சகர் பாராட்டி எழுதியிருந்தார். இறுகி வந்தது என் நடை இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். 'இன்னாடா, பூசையில தூங்கினியா?'

'ஃபாதர் எங்க தூங்கவுட்டாரு.'

'கண்ணு ஒட்டிகினு கீதே. எனக்கே தெரியுது.'

உள்ளே மாமா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலை அடைத்து, அதன்மேல் ஓர் ஈரப் புடவையைத் தொங்கவிட்டிருந்தாள் அக்கா. மூலையில் மெஷின். முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது – ஃபில்டரை மாற்று என்று அர்த்தம். ரூமில் மழை பெய்து ஓய்ந்த மண்வாசனை மாதிரி ஒன்று. வெளியே மழை பெய்து மாதக்கணக்காகிறது.

'அத்த ஏண்டா மாத்தறீங்க' என்றாள் அக்கா. 'நல்லாதான கீது. வாராவாரம் சனிக்கிழமை ரெண்டையும் கழுவி, நெழல்ல காயவெச்சு மாட்டிட்றேன்.'

'நல்லது' என்றேன். காற்று உள்ளே நுழையும் இடத்தில் முடி, பஞ்சு, ஒட்டடையைப் பிடிக்க ஒரு வலை இருக்கும். அதை வாராவாரம் கழுவணும் என்று மகள் போனில் சொல்லியிருக்கிறாள். கழுவத்தான் வேண்டும்.

மாமா பெட்டியைப் பார்த்துத் தாடையை ஆட்டினார். 'இன்னாபா... உள்ள? ஜல்லடையா?'

ஒரு வாரமாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். விடுவேனா?

'ஜல்லடை இல்ல மாமா. கண்ணாடி நார். தலைமுடியைவிட மெல்லிசு. தாறுமாறா போட்டு அமுக்கி, விசிறி மாதிரி மடிச்சு வெச்சிருக்கான். தூசு பெருசு, ஓட்டை சின்னதுன்னு தடுக்கறது இல்ல. ஓட்டை நெறைய எடத்துல தூசவிடப் பெருசாவே இருக்கும்.'

'அப்ப எப்பிடி... மாட்டும்?'

'காத்து நாரைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போவும். பெரிய தூசுக்கு வெயிட் ஜாஸ்தி. திரும்ப முடியாது. நேரா போயி நார்ல மோதி ஒட்டிக்கும்.'

'கல்லு லோடு ஏத்துன டப்பு வண்டி' என்றார் மாமா. 'வளைவுல... தடம் எறங்கும்.'

'அதேதான். ரொம்பப் பொடிசு வேற மாதிரி. காத்து அணுவெல்லாம் இடிச்சு இடிச்சு, நேராவே நடக்காது. சாராயக்கடையில இருந்து வர்றவன் மாதிரி இந்தச் செவுத்துல ஒரு முட்டு, அந்தச் செவுத்துல ஒரு முட்டு. எங்கியாச்சும் மாட்டிக்கும்.'

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் முடிய நேரமாயிற்று. அக்கா முதுகைத் தடவியபடி என்னை முறைத்தாள். அவளுக்குக் கண் தெரியாது என்று யார் சொன்னது?

'நடுவுல ஒரு சைஸ் கீது மாமா' என்றேன், அடக்கிய குரலில். 'மோதற அளவுக்கு வெயிட்டும் இல்ல, தள்ளாடற அளவுக்கு லேசும் இல்ல. காத்து போற பக்கமே போயி, யார் கண்ணுலயும் படாம நழுவிடும். அத்தப் பிடிக்கறதுதான் கஷ்டம். ஃபில்டரோட தரத்தையே அத்த வெச்சுதான் அளக்கறாங்க.'

'உன்ன மாதிரி' என்றாள் அக்கா.

அதே லைன் வீட்டில் பிறந்து, கீழே இறங்காமல், பள்ளிக்கூடம் போகிறேன் என்று நழுவி, ஆபீஸ் நாற்காலியில் போய் விழுந்தவன் நான். என் நுரையீரல் எக்ஸ்ரேயில் சுத்தமாக இருக்கிறது.

மாமா மறுபடி பெட்டியைப் பார்த்தார். 'புட்ச்சத... வுடாதா?'

'வுடாது. சேர்ந்துகினே போவும். அடைச்சுக்கும். அப்பறம் காத்து வராது. தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும்.'

'நெஞ்சு மாதிரி' என்றார்.

ஆமாம், மாமா. மாற்று மட்டும் கடையில் கிடைப்பதில்லை.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் மாமாவை ஆக்ஸிஜன் குழாயோடு முன்ரூமுக்கு நகர்த்தினோம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது நோயாளி அந்த ரூமில் இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் பிடித்து வைத்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். பிடுங்கினேன். மூக்கோடு படிகிற மாஸ்க் போட்டேன். கையில் ரப்பர் உறை. கழற்றியதும் போட்டுக் கட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைத் திறந்து பக்கத்திலேயே வைத்தேன்.

கதவைச் சாத்தப் போனால், அக்கா வாளியோடு நிற்கிறாள்.

'கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு எட்றா. காஞ்ச தூசு பறக்கும்.'

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சுரங்க வீடுகளில் பின்கட்டில் ஒரு வாளி எப்போதும் நிறைந்திருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர் பின்பக்கமாகத்தான் வருவார். கழற்றிய துணியை யாரும் உதற மாட்டார்கள். கொடியில் மாட்ட மாட்டார்கள். அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்குவார்கள். அப்புறம்தான் சோப்பு, கல், மற்றதெல்லாம். தூசு என்றால் முதலில் நனை. எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சுரங்கம் மூடிய பிறகும் கை அந்த வாளியைத் தேடும்.

'வேணாங்க்கா. இது வேற தூசு' என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மாமா, இங்கே நிறுத்துங்கள். இருமுங்கள். தண்ணீர் கேளுங்கள். 'மாமா, இங்கிருந்து வாசிக்கலாம்' என்று கீழே ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். அதுவரை உங்கள் கண் மட்டும் போகட்டும். இந்த வாரம் என்ன இவ்வளவு குட்டை என்று அக்கா கேட்டால், எடிட்டர் வெட்டிவிட்டார் என்று சொல்லுங்கள். அந்த மனிதர் எந்தப் பழியையும் தாங்குவார்.

மற்றவர்கள் தொடரலாம். தெருவில் வேறு யாராவது படித்துவிட்டு அவளிடம் சொல்ல மாட்டார்களா என்கிறீர்களா? அந்தத் தெருவில் இந்தப் பத்திரிகை போகிற ஒரே வீடு மாமா வீடு. அதுவும் நான் கொண்டுபோய்க் கொடுப்பது. என் புகழின் எல்லையை நான் நன்றாக அறிவேன்.

மூடியைக் கழற்றினேன். வலை பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஃபில்டரை இழுத்தேன். கனத்தது. காய்ந்த நாரும் அட்டையும் அப்படிக் கனக்காது.

வெளியே வந்ததும் தெரிந்தது. மடிப்பெல்லாம் நனைந்த நோட்டுப் பக்கங்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சில இடத்தில் நார் பிய்ந்து வெளிச்சம் தெரிந்தது. உள்மடிப்பில் இன்னும் ஈரம். ஈரத்தின்மேல் கறுப்பாக, புள்ளி புள்ளியாக, சில இடத்தில் பாயாகவே பூஞ்சை. மண்வாசனை என்று நினைத்தேனே – அது இதுதான். அப்போதே உறைத்திருக்க வேண்டும்; நான் படித்தவன், எனக்கு எதுவும் உடனே உறைக்காது.

ரெண்டையும் கழுவி, நெழல்ல காயவெச்சு. வலையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஹெப்பா ஃபில்டர் என்று விற்கிற இதை, 'கழுவலாம்' என்று தயாரித்தவனே எழுதியிருந்தால் ஒழியக் கழுவக் கூடாது. தட்டவும் கூடாது. தண்ணீர் பட்டால் அந்த மெல்லிய நார்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். நடுவே வழி திறந்துவிடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், தூசைப் பிடிக்காது. சரியாகக் காயாவிட்டால், பிடித்து வைத்த தூசே பூஞ்சைக்குச் சாப்பாடு. பின்னால் இருக்கும் ஃபேன் அதை எடுத்து ரூம் முழுக்கத் தூவும். ஜன்னல் அடைத்த ரூம். வெளியே போக முடியாத மனிதர். இரவும் பகலும்.

அக்கா தன் கையால், வாராவாரம், ஒரு சனிக்கிழமை தவறாமல்.

ஃபில்டரைப் பையில் போட்டு, காற்றை அமுக்காமல் வாயை முடிந்தேன். அமுக்கினால் உள்ளே இருப்பது முகத்தில் அடிக்கும். பை கண்ணாடி மாதிரி இருந்தது. கறுப்புப் பை வாங்கி வந்திருக்கலாம். எனக்கு இப்படிப்பட்ட யோசனைகள் பிற்பாடுதான் வரும்.

கதவைத் திறந்ததும் மாமா என் முகத்தைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கொஞ்சத்தை. பார்த்துவிட்டு, 'ஸ்டெல்லா, டீ போடு' என்றார். அவள் அடுப்படிக்குப் போனதும் கையை நீட்டினார். 'காட்டு.'

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

'கழுவிட்டாளா.'

'ஆமா மாமா.'

'காய்ச்சல்... இதாலயா?'

'தெரியாது.'

நிஜமாகவே தெரியாது. மறுநாள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த நுரையீரலுக்கு எது வேண்டுமானாலும் போதும்' என்றார். இனி தெரியப் போவதும் இல்லை.

மாமா குழாயைச் சரிசெய்துகொண்டார். 'கீழ டிரில்லுக்கு... தண்ணி டியூப் கீது. மாட்டிட்டு அடிச்சா... தூசு வராது. சேறு மூஞ்சில அடிக்கும். கண்ணு தெரியாது.' மூச்சு வாங்கினார். 'கழட்டிப் போட்டுட்டு அடிச்சோம்பா. நானும்... கூட இருந்த பசங்களும். ஷிப்ட் சீக்கிரம் முடியும்.'

நான் பையின் முடிச்சை இறுக்கினேன்.

'ஊத்த வேண்டிய எடத்துல... நான் ஊத்தல. ஊத்தக் கூடாத எடத்துல... அவ ஊத்திட்டா.' சிரிக்கப் பார்த்தார். 'கணக்கு சரியாப் போச்சு.'

பாத்திரச் சத்தம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

'என் துணிய... எத்தினி வருசம் தொவச்சா. ஒரு நாள் உதறல. வாளிதான். இன்னிக்கும் பாரு, அவ நெஞ்சு... மணி மாதிரி கீது. அந்த வாளிதான் அவள வெச்சிகினு கீது. அத்தப் போயி தப்புன்னு... நீ சொல்லாத.'

'புதுசையும் கழுவிடுவாளே மாமா.'

'அத்த நான் பாத்துக்கறேன். நீ போ. மாட்டு.'

வீட்டில் இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள். யாராவது அன்போடு கழுவிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.

மாமா, இங்கிருந்து வாசிக்கலாம்.

பழையதை எடுத்த பிறகு, மெஷினின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மடிப்பில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும் – பிடித்தேன். அம்புக்குறி காற்று போகும் பக்கம் பார்க்க வேண்டும் – பார்த்தது. ஓரத்து ரப்பர் சுற்றிலும் இடுக்கு இல்லாமல் உட்கார வேண்டும் – உட்கார்ந்தது. இடுக்கு இருந்தால் காற்று ஃபில்டருக்குள் போகாமல் பக்கத்தால் போய்விடும். மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகி, விளக்கை அணைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்து, பச்சை வந்ததும் நிமிர்ந்தேன். ஒரு வாரம் படித்தது வீண்போகவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

டீயோடு வந்த அக்கா மெஷின்மேல் காதை வைத்தாள். 'மூச்சே வுடல.'

'புதுசு. சத்தம் இருக்காது.'

'காத்தே வரலடா.' டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறக்கச் சொல்லி, விரலால் மெதுவாக ஓரத்தைத் தடவினாள். 'இன்னாடா இது. கவரோட மாட்டி வெச்சிகீற.'

ஃபில்டர் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவே இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிசு, கண்ணில் படவில்லை. மறுபடி கழற்றி, பிரித்து, மாட்டினேன். முன்ரூமிலிருந்து மாமா கேட்டார்: 'இன்னா ஆச்சு?'

'ஒண்ணுமில்லீங்க. ரைட்டர் வேல செய்யறாரு' என்றாள் அக்கா.

கதவைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காத்திருந்தோம். கழற்றியபோது கிளம்பிய தூசை அதுவே பிடித்துக்கொள்ளட்டும். ரூம் அடங்கிய பிறகுதான் மாமாவை உள்ளே கொண்டு வந்தோம். அவர் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எந்த வாசனையும் இல்லை.

கட்டிக் கிடந்த பையை அக்கா காலால் தொட்டுப் பார்த்தாள். 'அத்த இன்னா பண்ணப் போற?'

'குப்பை வண்டியில போட்ருவேன்.'

'நல்லா கழுவிகினுதான இருந்தேன். அதுக்குள்ள ஏன் போச்சு?'

நான் டீயைக் குடித்தேன். ஆறிய டீ. இருந்தும் ஊதிக் குடித்தேன்.

'போவலடி' என்றார் மாமா. 'அதுக்கு ஆயுசு... அவ்ளோதான். நீ கழுவுனதாலதான்... இத்தினி நாள் ஓடிச்சு.'

'அப்ப இத்தயும் கழுவிட்றேன்.'

'இது... வேற மாடலு. தண்ணி ஆவாதாம். கேளு, உன் தம்பிய.'

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என் குரல் இருந்த பக்கம். மாமா நேராக என் கண்ணை.

'ஆமாங்க்கா' என்றேன். 'வலையை மட்டும் கழுவு. இத்தத் தொடாத. புது மாடலு.'

'இன்னா மாடலோ' என்றாள். 'தண்ணி ஆவாததுன்னு ஒண்ணு உண்டா.' ஈரம் காய்ந்துபோன புடவையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டு, நனைக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

வெளியே காற்று எழும்பியிருந்தது. மெஷின் தன்பாட்டுக்கு ஓடியது. ஆடி முடிய இன்னும் பாதி இருக்கிறது.

அவ்வளவுதான் இந்த வாரம். பழசுக்கு ஆயுசு முடிந்தது, அக்கா. வேறொன்றும் இல்லை. மாமாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடு. இன்றைக்கு நிறைய வாசித்துவிட்டார்.